சுவருக்கு ஏற்ற மணிக்கூடு

ஒரு வீட்டுக்குள் போனதும் என் கண் முதலில் சுவரைத்தான் பார்க்கும். இது தொழில் தந்த பழக்கம். வன்னிக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வரும் சமூகப் பணியாளர் நான். படிவத்தில் உள்ள கேள்விகளுக்குக் கிடைக்காத பல பதில்கள் சுவரில் இருக்கும். வீட்டுக்காரரின் படம் மாலையோடு தொங்குகிறதா, மாலை இல்லாமல் தொங்குகிறதா என்பதிலேயே அந்தக் குடும்பத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும். பிள்ளையின் பாடசாலைச் சான்றிதழ் எங்கே கொழுவியிருக்கிறது, கலண்டர் எந்தக் கடை கொடுத்தது, மணிக்கூடு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பவையும் அப்படியே.

இந்த மணிக்கூடு எங்கே வாங்கியது என்று கேட்டால் அநேகமான வீடுகளில் "அது தந்தது" என்ற பதில்தான் வரும். அதன் முகத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். அல்லது ஒரு நிறுவனத்தின் இலச்சினை, சில வேளைகளில் தேர்தலில் நின்ற ஒருவரின் சிரித்த முகம் இருக்கும். தந்தவர்களை நான் குறை கூறவில்லை. மீள்குடியேறிய காலத்தில் எமது பெண்களுக்கு எல்லாமே தரப்பட்டவைதான். தறப்பாள், தகரம், சட்டி பானை, நுளம்பு வலை, உடுபுடவை யாவும் வரிசையில் நின்று வாங்கப்பட்டன. பச்சை வாளி வேண்டுமா நீல வாளி வேண்டுமா என்று வரிசையில் யாரும் கேட்பதில்லை. கையில் வந்ததை வாங்கிக்கொண்டு நகரவேண்டியதுதான். இப்படிப் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லும் பழக்கமே விட்டுப்போய்விடுகிறது.

ஆகவே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது ஓர் அக்கா என் காதருகே வந்து, "பிள்ளை, பச்சைச் சுவருக்கு என்ன நிற மணிக்கூடு வடிவா இருக்கும்?" என்று கேட்டபோது அதை நான் சின்னக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பல வீடுகளில் இதைப்பற்றிப் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சுகளில் நாங்கள் கண்டுகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளும் மணிக்கூடுகளும்

என் அம்மம்மா வீட்டில் சாவி கொடுக்கும் மணிக்கூடு ஒன்று இருந்தது. கறுத்துப்போன மரப்பெட்டி, வெள்ளை முகம், கறுப்பு இலக்கங்கள். அது தொங்கிய சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. படலையில் நின்று பார்த்தாலும் நேரம் தெரியும். 1990களில் வடக்கின் மீது இருந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றரியில் ஓடும் மணிக்கூடுகள் வீடுகளில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அம்மம்மாவின் மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து "அம்மா, இப்ப எத்தினை மணி?" என்று கேட்கும் குரல்கள் எனக்கு இன்னும் நினைவில் உள்ளன.

அப்போது நேரமே இரண்டாக இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர் ஓமந்தையைத் தாண்டிப் போனவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், திரும்பி வரும்போது பின்னே இழுத்தார்கள். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாண முகூர்த்தத்துக்குக்கூடப் போக முடியாது. 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பிய பின்னர்தான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

பிறகு வந்த இடப்பெயர்வில் அம்மம்மாவின் மணிக்கூடு சுவரிலேயே விடப்பட்டது. ஓடும்போது பிள்ளையைத் தூக்குவோம், அரிசியைத் தூக்குவோம், அடையாள அட்டையைத் தூக்குவோம். மணிக்கூட்டை யாரும் தூக்குவதில்லை. அதனால்தான் ஒரு பெண் மீண்டும் சுவரில் ஆணி அடித்து மணிக்கூடு மாட்டுகிறாள் என்றால், இனி இந்த வீட்டை விட்டு ஓடமாட்டேன் என்று அவள் ஓரளவுக்காவது நம்பத் தொடங்கியிருக்கிறாள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

"சோடினை என்னத்துக்கு?"

காதருகே வந்து கேட்ட அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். கணவர் 2009இல் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். தையல்தான் சீவியம். இந்திய வீட்டுத்திட்டத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 ஒக்ரோபரில் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது, வீட்டைக் குடும்பமே நின்று கட்ட வேண்டும். மேசனுக்குக் கையாளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவர் அந்த அக்காதான். கூரை போட்டதோடு காசு முடிந்துவிட்டது. பூச்சு வேலைக்கும் பெயின்ற்றுக்கும் தையல் காசில் சேர்த்து முடிக்க இன்னும் ஐந்து வருடம் எடுத்தது. முன் அறைக்கு இளம்பச்சை நிறம் அடித்தார். நிலம் சிவப்புச் சீமெந்து.

அவருக்குப் பிடித்தது கருஞ்சிவப்பு வளையம் உள்ள ஒரு மணிக்கூடு. கடையில் இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வாங்கவில்லை. கணவரின் தமையன் ஒரு முறை வந்தபோது, "ஆம்பிளை இல்லாத வீட்டுக்குச் சோடினை என்னத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார். அதிலும் சிவப்பு என்றால் ஊர் என்ன சொல்லும்?

இங்கேதான் பிரச்சினை இருக்கிறது. எமது சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது நிறம். பொட்டு போகிறது, பூ போகிறது, நிறச் சேலை போகிறது. உடம்பிலிருந்து நிறத்தை எடுத்த சமூகம் பிறகு மெதுவாக வீட்டிலிருந்தும் எடுக்கப் பார்க்கிறது. பளிச்சென்ற திரைச்சீலை போட்டால் கதை, வாசலில் பூச்சாடி வைத்தால் கதை. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் எழுதிய சட்டங்களைவிட இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: "அக்கா, பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. நிலமும் சிவப்பு. நீங்கள் பார்த்த மணிக்கூடு அந்த அறைக்குச் சரியாகப் பொருந்தும். ஊருக்குப் பொருந்துமோ என்பது வேறை கேள்வி. அதுக்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேணும்." அடுத்த மாதம் போனபோது மணிக்கூடு சுவரில் இருந்தது. ஆணியையும் தானே அடித்தாராம். கணவரின் தமையன் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் வரும்போதெல்லாம் நேரம் அதில்தான் பார்க்கிறார் என்று அக்கா சிரித்தார்.

இன்னொரு கேலியையும் நான் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வருபவர்கள் எமது கிராமத்து வீடுகளின் ஊதாவையும் செம்மஞ்சளையும் பார்த்து, "இவைக்கு இரசனை இல்லை" என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரைப் படித்தோம். இரசனை பிறவியில் வருவதல்ல, வளர்ப்பும் வர்க்கமும் அதை உருவாக்குகின்றன, மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைத் தள்ளிவைக்கவும் அது பயன்படுகிறது என்று 1979இல் வெளிவந்த தன் நூலில் அவர் காட்டினார். வருடக்கணக்காகத் தறப்பாளின் ஒரே நிறத்துக்குக் கீழே வாழ்ந்தவர்கள் பளிச்சென்ற நிறத்தைத் தேடுவதில் என்ன வியப்பு? அதைக் கேலி செய்பவர்கள் அந்தத் தறப்பாளுக்குள் ஒரு மாரி இருந்து பார்க்க வேண்டும்.

போரில் சேதமடைந்த யாழ்ப்பாணம் மணிக்கூட்டுக் கோபுரம் 2000களின் தொடக்கத்தில் திருத்தப்பட்டது. 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாகக் கட்டப்பட்ட கோபுரம் அது. ஊரின் மணிக்கூட்டைத் திருத்தியபோது எவரும் "சோடினை என்னத்துக்கு?" என்று கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வீட்டுச் சுவருக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி வருகிறது?

காத்திருக்கும் சுவர்

எல்லா வெறுஞ் சுவரும் காசில்லாததால் வெறுமையாக இருப்பதில்லை. நான் அடிக்கடி போகும் ஒரு வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அவரும் முறை வைத்துப் போய் இருந்தவர். வீட்டுச் சுவரில் மகனின் படம் ஒன்றுதான். மாலை இல்லை. மணிக்கூடு வாங்கவில்லையா என்று கேட்டதற்கு, "அவன் வரட்டும் பிள்ளை. அவனுக்குப் பிடிச்ச நிறத்தில வாங்குவம்" என்றார்.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அழைக்கிறார். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வீட்டை அழகுபடுத்தினால் அவரை மறந்ததாகிவிடுமோ என்ற பயம் இந்தத் தாய்மாரிடம் உண்டு. இத்தகைய இடத்தில் "வாழ்க்கையைத் தொடருங்கோ அம்மா" என்று சொல்வது பெரிய வன்முறை. ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. "அவருக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "நீலம்" என்றார். பிறகு அரை மணித்தியாலம் மகனைப்பற்றியே பேசினார். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன நீலப் புத்தகப் பை, நீலச் சைக்கிள், எல்லாம் வந்தன.

சில மாதங்களின் பின் போனபோது பூசாத சீமெந்துக் கல் சுவரில் நீல நிற மணிக்கூடு ஒன்று தொங்கியது. நான் கேட்க முன்னரே அவர் சொன்னார்: "அவன் வரேக்க சுவர் வெறுமையாக் கிடக்கக் கூடாது." அந்த மணிக்கூட்டால் அவருடைய காத்திருப்பு முடியவில்லை. போராட்டத்துக்குப் போவதும் நிற்கவில்லை. காத்திருக்கும் வீட்டில் ஒரு நீலம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

நிறத்தைத் தெரிவது எப்படி?

இனிப் பயனுள்ள சில விடயங்களுக்கு வருவோம். நிறப் பொருத்தத்துக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, எதிர் நிறம். பச்சைக்குச் சிவப்பு, நீலத்துக்குச் செம்மஞ்சள், மஞ்சளுக்கு ஊதா. எதிர் நிறம் வைத்தால் மணிக்கூடு எடுப்பாகத் தெரியும். சுவரின் நிறம் மென்மையாக இருந்தால் மணிக்கூட்டின் நிறம் அழுத்தமாக இருக்கலாம். இரண்டுமே அழுத்தமாக இருந்தால் கண் கூசும்.

இரண்டாவது, உறவு நிறம். மஞ்சள் சுவருக்குச் செம்மஞ்சளோ மண்ணிறமோ, நீலச் சுவருக்குக் கடும் நீலமோ பச்சையோ வைப்பது. இது கண்ணுக்கு அமைதி தரும். படுக்கும் அறைக்கு நல்லது. மர நிறம் ஏறக்குறைய எல்லாச் சுவருக்கும் ஒத்துப்போகும், கதவும் யன்னலும் மரமாக இருந்தால் இன்னும் பொருந்தும்.

மூன்றாவது, அறையில் ஏற்கெனவே உள்ள நிறம். இதுதான் எங்களுக்கு ஏற்ற வழி என்பேன். திரைச்சீலையில் ஒரு நிறம் இருக்கும், பாயின் கரையில் ஒரு நிறம் இருக்கும், கதிரையில் ஒரு நிறம் இருக்கும். அவற்றுள் ஒன்றை மணிக்கூட்டின் வளையத்தில் திரும்பக் கொண்டுவந்தால், தனித்தனியாகக் கிடைத்த பொருள்கள்கூட ஒரே வீட்டுக்காரர் போலாகிவிடும்.

சுவர் பூசவில்லையே என்று வருந்தும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. சீமெந்தின் சாம்பல் நிறம் எந்த நிறத்தோடும் சண்டை பிடிக்காது. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என எதை வைத்தாலும் அந்தச் சுவரில் எடுப்பாக இருக்கும். பூச்சுக்கும் பெயின்ற்றுக்கும் காசு சேரும்வரை அழகைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் நினைத்த நிறத்தில் கடதாசியையோ துணியையோ வட்டமாக வெட்டிச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். காலையில், மத்தியானத்தில், இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கும், வெள்ளை மின்குமிழில் குளிர்ந்து தெரியும். கடையிலும் மணிக்கூட்டை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். தொலைபேசியில் உங்கள் சுவரின் படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

வடிவு மட்டும் போதாது

மணிக்கூடு நேரம் பார்ப்பதற்கு. கண்ணாடி போல் மின்னும் முகத்தில் பொன்னிற முட்கள் இருந்தால் கடையில் வடிவு, வீட்டில் நேரம் தெரியாது. வெள்ளை முகத்தில் கறுப்பு இலக்கமும் கறுப்பு முள்ளும் இருந்தால் கண் மங்கிய அம்மாக்களுக்கும், செல் பட்டு ஒரு கண் பார்வை இழந்த எங்கள் சகோதரிகளுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். நிறத்தை வளையத்தில் வைத்துக்கொள்ளலாம், முகம் தெளிவாக இருக்கட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் 1 முதல் 12 வரை எல்லா இலக்கமும் இருக்க வேண்டும். வெறும் கோடுகள் போட்ட முகத்தில் பிள்ளை மணி பார்க்கப் பழகாது.

ஓசையையும் கவனியுங்கள். மணிக்கு ஒரு தரம் பாட்டோ மணியோ அடிக்கும் மணிக்கூடுகள் உண்டு. திடீர்ச் சத்தத்துக்கு நெஞ்சு பதறும் பெண்கள் எம்மிடையே பலர். இரவு ஒரு மணிக்கு அது அடித்தால் பிறகு விடியும்வரை நித்திரை வராது. டிக் டிக் என்ற ஓசையே சிலருக்குத் தொல்லை. விநாடி முள் துள்ளித் துள்ளிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும் வகை உண்டு. அது ஏறக்குறைய ஓசையில்லாதது. கடையில் காதருகே வைத்துப் பார்த்து வாங்குங்கள். வேறு சிலருக்கோ அந்த டிக் டிக் ஓசைதான் தனிமைக்குத் துணை. உங்கள் மனதைக் கேளுங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். நின்று பார்க்கும் கண் மட்டம், அதாவது நிலத்திலிருந்து ஐந்து அடி அளவு, பொதுவாக நல்லது. நாங்கள் பாயில் இருந்து வேலை செய்பவர்கள் என்றால், இருந்த இடத்திலிருந்தும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆணி அடிப்போம். கையில் காயம் உள்ளவர்கள் எட்டிக் கழற்றிப் பற்றரி மாற்றக்கூடிய உயரத்தில் மாட்ட வேண்டும். யன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடி வெளிச்சம் அடித்து நேரம் தெரியாது. நேர் வெயில் விழும் இடத்தில் நிறம் வெளிறும். அடுப்புக்கு மேலே புகையும் எண்ணெயும் படியும். கூரை ஒழுகும் பக்கத்தையும் தவிருங்கள். சீமெந்துக் கல் சுவருக்குச் சாதாரண ஆணி வளைந்துவிடும், கொங்கிறீற் ஆணி கேட்டு வாங்குங்கள். மண் சுவர் என்றால் மரக் காலில் அடிப்பது உறுதி. கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்றுக்குப் பொன்னிறப் பூச்சும் இரும்பும் விரைவில் கெட்டுவிடும். அங்கே மரமோ பிளாஸ்ரிக்கோ நல்லது.

காசு

வீடு தேடி வந்து தவணைக்குப் பொருள் விற்பவர்கள் மணிக்கூடும் கொண்டு வருகிறார்கள். வாரம் 200 ரூபாய்தானே என்று தோன்றும். 20 வாரத்துக்கு அது 4,000 ரூபாய். வாங்க முன்னர் அந்த மொத்தத் தொகையை ஒரு கடதாசியில் எழுதி, அதே பொருளின் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நுண்கடன் எம்மில் எத்தனை பேரின் நித்திரையைக் கெடுத்தது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடனில் வாங்கிய மணிக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் தவணைக்காரர் வரும் நேரம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பற்றரியில் ஓடும் மணிக்கூடு விலை கூடியதோ குறைந்ததோ, உள்ளே நேரம் காப்பது ஒரு சிறு பளிங்குத் துண்டு. அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. விலை வித்தியாசத்தின் பெரும் பகுதி வெளிச் சட்டத்துக்குத்தான். சட்டத்தையும் முகத்தையும் நாங்களே மாற்றலாம். எங்கள் தையல் குழுவில் வங்கியின் பெயர் போட்ட பழைய மணிக்கூடு ஒன்றைப் பிரித்தோம். முன் கண்ணாடியைக் கழற்றி, முட்களை மெதுவாக மேலே இழுத்து எடுத்து, கடதாசி மட்டையில் வட்டம் வெட்டி, அதில் மெல்லிய வெள்ளைத் துணி ஒட்டி, பெரிய கறுப்பு இலக்கங்கள் எழுதினோம். வெளி வளையத்தில் பழைய சேலைக் கரையைச் சுற்றி ஒட்டினோம். முட்களைப் பன்னிரண்டில் ஒன்றாக வைத்து அழுத்திவிட்டுப் பற்றரி போட்டால் வேலை முடிந்தது. செலவு பசைக்கு மட்டும்தான். அந்தச் சேலைக் கரை மயிற்கழுத்துப் பச்சை. அது யாருடைய சேலை என்று சொன்ன தங்கச்சியின் கண் கலங்கியது. பின்னர் அவரே அந்த மணிக்கூட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நின்றுபோன மணிக்கூட்டிலிருந்து பற்றரியைக் கழற்றி வைக்க மறக்காதீர்கள். பழைய பற்றரி கசிந்தால் உள்ளே உள்ள தகட்டை அரித்துவிடும். நன்றாக ஓடும் மணிக்கூட்டுக்கு ஒரு சாதாரண பற்றரி பல மாதம் தாங்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களிலும் இவை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நாங்கள் தெரிய வேண்டியவை இன்னும் பல உள்ளன. பிள்ளையின் படிப்பு, எங்கள் தொழில், மறுமணம் வேண்டுமா வேண்டாமா என்பது, காணி உறுதி யாருடைய பெயரில் இருக்க வேண்டும் என்பது. இவற்றிலெல்லாம் எமக்காக முடிவெடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய முடிவுகளில் குரல் எழும்புவதற்குச் சின்ன முடிவுகளில் பழக வேண்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்திப் பேசத் தயங்கியவர், தன் வீட்டுச் சுவருக்கு எது பொருத்தம் என்று மற்றப் பெண்களோடு வாதாடிய பிறகு அடுத்த கூட்டத்தில் கிணற்றுப் பிரச்சினை பற்றிப் பேச எழும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு முன் அறையின் சுவரை இன்று ஒரு தடவை ஆறுதலாகப் பாருங்கள். அதில் உள்ளவற்றில் எதை யார் தந்தார்கள், எதை நீங்கள் தெரிந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தந்ததை வைத்திருப்பதில் வெட்கமில்லை. ஆனால் ஒன்றாவது உங்கள் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில், உங்கள் கையால் ஆணி அடித்து மாட்டியதாக இருக்கட்டும். என்ன நிறம் என்று எவராவது கேட்டால், "எனக்குப் பிடிச்ச நிறம்" என்று சொல்லுங்கள். அந்தப் பதில் போதும்.